சாப்பாட்டுப் பாயைச் சுற்றி ஒரு ஸ்தோத்திர பலி

(தியானப் பகுதி: சங்கீதம் 128)



ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நின்று கைகுலுக்கும்போது, "பிரதர், எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் அநேகர் சொல்லுகிற பதில் ஒன்றுதான். "ஏதோ ஓடுது பாஸ்டர்." இரண்டு மணி நேரம் கைதட்டி, கண்ணீரோடு அல்லேலூயா சொன்ன அதே வாய்தான். செருப்பை மாட்டுவதற்குள் "ஏதோ ஓடுது" என்று ஆகிவிடுகிறது. நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்கிறேன். ஓடுவது யாராலே ஓடுகிறது? ஓட வைக்கிறவர் ஒருவர் இருக்கிறாரே! அவருக்கு அந்தப் பதிலில் ஒரு இடம்கூட இல்லையா?

128-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஆறே வசனம். சங்கீதப் புத்தகத்தில் 120 முதல் 134 வரையுள்ள 15 சங்கீதங்களுக்கும் ஆரோகண சங்கீதங்கள் என்று தலைப்பு. வருஷத்தில் மூன்று பண்டிகைகளுக்கு இஸ்ரவேலர் கர்த்தருடைய சந்நிதிக்குப் போக வேண்டும் என்பது கட்டளை (உபாகமம் 16:16). அப்படி எருசலேமுக்கு மலையேறிப் போகிறவர்கள் வழிநெடுகப் பாடிய பாட்டுகள் இவை என்று வேத அறிஞர்கள் சொல்லுகிறார்கள். தேவாலயத்துக்குப் போகிறவன் எதைப் பாடிக்கொண்டு போக வேண்டும்? பலிபீடத்தைப் பற்றி, ஆசாரியனைப் பற்றி, பொன் குத்துவிளக்கைப் பற்றித்தானே! ஆனால் இந்தச் சங்கீதம் எதைப் பாடுகிறது பாருங்கள். உழைத்த கூலியில் சாப்பிடுகிற சாப்பாடு. வீட்டில் திராட்சக்கொடி போல இருக்கிற மனைவி. பந்தியைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள். கடைசியில் பேரப்பிள்ளைகள். அவ்வளவுதான்!

தேவனுடைய வீட்டுக்குப் போகிற வழியில் தன்னுடைய வீட்டை நினைத்துப் பாடுகிறான். ஏனென்றால் கர்த்தருக்குப் பயப்படுகிறவனுடைய ஆசீர்வாதம் முதலாவது எங்கே தெரியும் என்று ஆவியானவர் காட்டுகிறார். மேடையில் அல்ல, பாங்க் பாஸ்புக்கில் அல்ல, சாப்பாட்டுப் பாயில் தெரியும்.

பிள்ளைகளை ஒலிவக் கன்றுகளுக்கு ஒப்பிடுகிறாரே, அதிலும் ஒரு இரகசியம் உண்டு. ஒலிவமரம் நூற்றாண்டுக் கணக்கில் நிற்கிற மரம். அடிமரம் முதிர்ந்து பட்டை வெடித்துப் போன பிறகும், வேரிலிருந்து இளங்கன்றுகள் சுற்றிலும் கிளம்பி வரும். நம்ம ஊர்க்காரர்கள் வாழையை நினைத்துக்கொண்டால் போதும், புரிந்துவிடும். அந்தக் கன்று ஒரே நாளில் காய்க்காது, வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இன்றைக்கு உன் பாயைச் சுற்றி உட்கார்ந்து, "எனக்கு முட்டை சின்னதா இருக்கு" என்று சண்டை போடுகிற பிள்ளைகள் இருக்கிறார்களே, தேவன் அவர்களைப் பார்த்து, "இது என் ஒலிவத் தோட்டம்" என்கிறார். நீ அவர்களைப் பார்த்து என்ன சொல்லுகிறாய்?

1. நாலாவது பிள்ளையின் பெயர்

"பாஸ்டர், நீங்க சொல்ற மாதிரி வீடு இருந்தா நானும் ஸ்தோத்திரம் சொல்லுவேன். என் வீடு அப்படி இல்லையே" என்று உள்ளுக்குள் சொல்லுகிறவர்கள் உண்டு. உங்களுக்காகவே ஆவியானவர் ஒரு பெண்ணை வேதத்தில் எழுதி வைத்திருக்கிறார். அவள் பெயர் லேயாள்.

லேயாளின் வீடு சந்தோஷமான வீடு அல்ல. அப்பா லாபான் அவளைத் தந்திரமாகக் கட்டிக் கொடுத்தான். காலையில் கண் விழித்துப் பார்த்த புருஷன் ஏமாந்துபோனேன் என்று சண்டைக்குப் போனான். எந்தப் பெண்ணுக்கும் வரக்கூடாத அவமானம்! ஏழு நாள் கழித்துத் தங்கச்சியே சக்களத்தியாக வந்தாள். ஆதியாகமம் 29-ஆம் அதிகாரத்தின் கடைசி ஐந்து வசனங்களை நிதானமாக வாசியுங்கள். அவள் பிள்ளைகளுக்கு வைத்த பெயர்களிலேயே அவள் நெஞ்சு தெரிகிறது.

முதல் பிள்ளை ரூபன். கர்த்தர் என் சிறுமையைப் பார்த்தார், இனி புருஷன் என்னை நேசிப்பார் என்றாள். நேசிக்கவில்லை. இரண்டாவது சிமியோன். நான் வெறுக்கப்பட்டதைக் கர்த்தர் கேட்டார் என்றாள். வீட்டில் ஒன்றும் மாறவில்லை. மூன்றாவது லேவி. மூன்று ஆண்பிள்ளை பெற்றாயிற்று, இனியாவது புருஷன் என்னோடு ஒட்டிக்கொள்வார் என்றாள். அதுவும் நடக்கவில்லை. மூன்று பெயரிலும் அவள் கண் யாக்கோபின் முகத்தின் மேலேயே இருக்கிறது. பிள்ளை மடியில் கிடக்கிறது, அம்மாவின் கண்ணோ வாசலில்.

நாலாவது பிள்ளை பிறந்தபோது என்ன நடந்தது? யாக்கோபு மனம் மாறினான் என்று வேதத்தில் ஒரு வார்த்தை இல்லை. ராகேல் விட்டுக்கொடுத்தாள் என்றும் இல்லை. நிலைமை அதே நிலைமை. ஆனால் லேயாள் இந்தத் தடவை வாசலைப் பார்க்காமல் மேலே பார்த்தாள், பிறகு மடியைப் பார்த்தாள். இப்போது கர்த்தரைத் துதிப்பேன் என்று சொல்லி, அந்தப் பிள்ளைக்கு யூதா என்று பெயர் வைத்தாள். யூதா என்றால் துதி!

அல்லேலூயா! தாவீது ராஜா எந்தக் கோத்திரம்? யூதா கோத்திரம். நம்முடைய இயேசு கிறிஸ்து எந்தக் கோத்திரத்தில் வந்தார்? அதே யூதா கோத்திரத்தில்! எகிப்தின் சிங்காசனத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்த யோசேப்பின் கோத்திரத்திலே அல்ல, புருஷனால் வெறுக்கப்பட்ட ஒரு பெண் கண்ணீரின் நடுவே ஸ்தோத்திரம் சொல்லிப் பெயர் வைத்த பிள்ளையின் வழியாகவே இரட்சகர் வந்தார். யாக்கோபு கடைசியில் சாகிறபோது தன்னை எங்கே அடக்கம் பண்ணச் சொன்னான்? மக்பேலா குகையில், தன் பிதாக்களோடுகூட. அங்கே லேயாளை நான் அடக்கம் பண்ணினேன் என்று பெயர் சொல்லிச் சொன்னான் (ஆதியாகமம் 49:29-31). அவள் கேட்டுச் சந்தோஷப்பட முடியாத காலத்தில் அந்த வார்த்தை வந்தது. அவளோ அதற்காகக் காத்திராமல், அதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே துதித்துவிட்டாள்.

சகோதரியே, உன் வீட்டில் மாற வேண்டிய ஆள் இன்னும் மாறவில்லையா? ஜெபத்தை விடாதே. ஆனால் அவர் மாறுகிற வரைக்கும் உன் ஸ்தோத்திரத்தைப் பூட்டி வைக்காதே. உன் மடியில் கர்த்தர் போட்டிருக்கிறதைப் பார்.

2. மன்னா சலித்துப்போனபோது

ஸ்தோத்திரத்துக்குச் சத்துரு கஷ்டம் என்று நினைக்கிறோம். கஷ்டத்தைக் காட்டிலும் பெரிய சத்துரு ஒன்று உண்டு. பழக்கம்! தினமும் கிடைக்கிறதனாலே அது அற்புதம் என்பதே மறந்துபோகும்.

வனாந்தரத்தில் 40 வருஷம் வானத்திலிருந்து அப்பம் விழுந்தது. தேனிட்ட பணியாரம் போல ருசி என்று யாத்திராகமம் 16:31-இல் எழுதியிருக்கிறது. முதல் நாள் அதைப் பார்த்து, "இதென்ன!" என்று வியந்தார்கள். கொஞ்ச காலம் போனதும், இந்த மன்னாவைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லையே என்று அழுதார்கள் (எண்ணாகமம் 11:6). எகிப்தில் சாப்பிட்ட மீன், வெள்ளரிக்காய், கொம்மட்டிக்காய், கீரை, வெங்காயம், வெள்ளைப்பூண்டு எல்லாம் ஞாபகம் வந்தது. அங்கே சுமந்த செங்கல் ஒன்றாவது ஞாபகம் வந்ததா? முதுகில் விழுந்த அடி ஞாபகம் வந்ததா? இல்லையே! முறுமுறுப்புக்கு ஞாபகசக்தி உண்டு. ஆனால் அது வெங்காயத்தை மட்டும் எண்ணும், செங்கலை எண்ணாது.

நம்முடைய வீடுகளிலும் இந்த வெங்காயப் பேச்சு நடக்கிறது. "என் தம்பி வீட்ல பாருங்க." "எதிர்த்த வீட்டுக்காரர் கார் வாங்கிட்டார்." "எங்க அம்மா வச்சா மீன் குழம்பு இப்படியா இருக்கும்?" அடுப்பில் மூன்று வேளையும் மன்னா வெந்துகொண்டே இருக்கிறது, நம்முடைய நாக்கோ எகிப்தில் இருக்கிறது.

வளைகுடாவில் பதினோரு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்த ஒரு சகோதரனிடம், "அங்கே எதற்கு ரொம்ப ஏங்கினீங்க?" என்று கேட்டேன். பெரிய காரியம் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "தரையில உக்காந்து சாப்பிடுறதுக்கு பாஸ்டர். பக்கத்துல பிள்ளைங்க. 'இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க'ன்னு சொல்ல ஒரு ஆளு. அங்க சம்பளம் இருந்துச்சு, சாப்பாடும் நல்லாத்தான் இருந்துச்சு. சாப்பிடுன்னு சொல்ல ஆளு இல்ல" என்றார். இப்போது சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை, வருமானம் பாதிகூட இல்லை. ஆனால் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அந்த வீட்டில் போடுகிற ஜெபத்தைக் கேட்டால், ராஜாவின் அரண்மனையில் பந்தி போட்டிருக்கிறார்களோ என்று தோன்றும்!

இன்னொரு வீடு. கணவரை இழந்து மூன்று மாதம் ஆன ஒரு தாயாரைப் பார்க்கப் போனோம். அந்த அம்மா சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது. "அரிசி அளக்கும்போது கை தானா ரெண்டு டம்ளர் அளந்துருது ஐயா. அப்புறம் ஒண்ணைத் திருப்பிக் கொட்டுறேன்." நான் ஒரு பிரசங்கமும் பண்ணவில்லை. பண்ண வேண்டிய பிரசங்கத்தை அந்த டம்ளரே பண்ணிவிட்டது. பிரியமானவர்களே, இன்றைக்கு உங்கள் வீட்டில் எத்தனை டம்ளர் அளந்தார்கள்? மூன்றா, நாலா, ஐந்தா? ஒவ்வொரு டம்ளரும் ஒரு உயிருள்ள ஆள். ஒன்றையும் திருப்பிக் கொட்டாமல் உலையில் போட்டார்களே, அது ஸ்தோத்திரம் சொல்ல வேண்டிய காரியம் இல்லையா?

நாம் மூச்சு விடுகிறோம். நிமிஷத்துக்கு 12 முதல் 20 தடவை, தூங்கும்போதும்கூட. யாராவது அதற்கு நன்றி சொன்னோமா? 2021 ஏப்ரல், மே மாதங்களில் நம்முடைய தேசத்தில் ஆக்சிஜன் சிலிண்டருக்காக ஜனங்கள் வரிசையில் நின்றார்களே, அன்றைக்குத்தான் மூச்சின் விலை தெரிந்தது. 2020 மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு வந்து ஆலயக் கதவுகள் மூடப்பட்டபோது, ஆதித் திருச்சபை வீடுகள்தோறும் அப்பம் பிட்டு மகிழ்ச்சியோடு சாப்பிட்டது (அப்போஸ்தலர் 2:46) என்பதன் அர்த்தம் அநேகருக்கு விளங்கிற்று. ஹால் இல்லை, மைக் இல்லை, கீபோர்டு இல்லை. வீட்டில் இருக்கிற நாலு பேர்தான் சபை. அந்த நாட்களில் கற்றுக்கொண்டதை, கதவு திறந்ததும் மறந்துவிடக் கூடாது.

3. கொள்ளைநோய்க்கு முன்பே கற்ற ஜெபம்

ஜெர்மனி தேசத்தில் லைப்சிக் பட்டணத்துக்குப் பக்கத்தில் ஐலன்பர்க் என்று ஒரு ஊர். அங்கே பிறந்து, அங்கேயே ஊழியம் செய்தவர் மார்ட்டின் ரிங்கார்ட் என்ற போதகர். அவர் 1617-இல் அந்த ஊரில் ஊழியத்தைத் தொடங்கினார். அடுத்த வருஷமே, 1618-இல், சரித்திரத்தில் முப்பது வருஷ யுத்தம் என்று சொல்லுகிற அந்தக் கொடிய யுத்தம் ஆரம்பித்தது. அது முடிந்தது 1648-இல். ரிங்கார்ட் மரித்தது 1649-இல். அதாவது அவருடைய ஊழிய காலம் ஏறக்குறைய முழுவதும் யுத்த காலம்!

ஐலன்பர்க் மதில் சூழ்ந்த ஊர். அதனால் சுற்றுப்புறத்து ஜனங்களெல்லாம் உயிர்தப்ப அங்கே வந்து நெருங்கினார்கள். கூட்டம் சேர்ந்த இடத்தில் கொள்ளைநோயும் வந்தது. 1637-ஆம் வருஷம் அந்த ஊரில் சாவு தலைவிரித்து ஆடியது. மற்றப் போதகர்கள் மரித்தும் ஊரைவிட்டுப் போயும், அடக்க ஆராதனை நடத்த இவர் ஒருவரே மீந்தார். சில நாட்களில் ஒரே நாளில் நாற்பது, ஐம்பது பேர். அந்த ஒரே வருஷத்தில் 4,000 பேருக்கு மேல் அவர் கையால் அடக்கம் செய்தார். அந்தப் பிரேதங்களில் ஒன்று அவருடைய சொந்த மனைவி.

இந்த மனுஷன்தான் உலகமெங்கும் சபைகளில் பாடுகிற ஒரு நன்றிப் பாடலை எழுதியவர். ஜெர்மன் பாஷையில் எழுதினார். கேத்தரின் விங்க்வொர்த் என்ற அம்மையார் 1858-இல் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்த பிறகு அது இன்னும் பல தேசங்களுக்குப் போயிற்று. தாயின் மடியில் கிடந்த நாள் முதல் இந்த நாள் மட்டும் தேவன் செய்த எண்ணிமுடியாத நன்மைகளுக்காக இருதயத்தாலும் வாயாலும் கையாலும் நன்றி செலுத்துகிற பாட்டு அது.

இதில் கவனிக்க வேண்டிய காரியம் ஒன்று உண்டு. கொள்ளைநோயின் நடுவிலேதான் அந்தப் பாட்டை எழுதினார் என்று மேடைகளில் சொல்லுவது வழக்கம். ஆனால் அது நோய்க்கு முன்னாலேயே, 1630-களின் முற்பகுதியிலோ அதற்குச் சற்று முன்போ எழுதப்பட்டது என்று பாடல் சரித்திரம் ஆராய்ந்தவர்கள் சொல்லுகிறார்கள். எதற்காக எழுதினார் தெரியுமா? அதற்கு அவர் கொடுத்த தலைப்பே "சின்னச் சாப்பாட்டு ஜெபம்" என்று அர்த்தப்படும். வீட்டில் சாப்பாட்டு வேளையில் சொல்லுவதற்கு! பெரிய கன்வென்ஷனுக்கு எழுதிய பாட்டு அல்ல, ரொட்டியும் சூப்பும் வைத்த மேஜைக்கு எழுதிய பாட்டு.

இதை அறிந்தபோது எனக்கு அந்தச் சாட்சி இன்னும் பெரியதாகவே தெரிந்தது. கொள்ளைநோய் வந்த அன்றைக்கு ஸ்தோத்திரம் சொல்லக் கற்றுக்கொள்ள முடியாது, பிரியமானவர்களே. வெள்ளம் வந்தபிறகு நீச்சல் கற்க முடியுமா? சாதாரண நாளில், சாதாரண சாப்பாட்டுக்கு முன்னால், பிள்ளைகளின் கையைக் கூப்பச் சொல்லிச் சொன்ன அந்தச் சின்ன ஜெபம், பிணக்குழிகளின் நடுவே அவரை நிற்க வைத்தது. தானியேலும் அப்படித்தான். தினம் மூன்று வேளை ஸ்தோத்திரம் பண்ணுகிற பழக்கம் அவனுக்கு முன்பே இருந்தது. சிங்கக் கெபியின் கட்டளை வந்த அன்றும் முன் செய்துவந்தபடியே செய்தான் (தானியேல் 6:10). சிங்கம் வரும்முன் பழகிய ஸ்தோத்திரம், சிங்கத்தின் நடுவிலும் நிற்கும்!

4. அடுப்பு மூட்டிய ஆண்டவர்

யோவான் 21-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். இயேசு உயிர்த்தெழுந்துவிட்டார். மரணத்தை ஜெயித்துவிட்டார். வானத்திலும் பூமியிலும் சகல அதிகாரமும் அவருக்கு உண்டு. அப்படிப்பட்டவர் திபேரியா கடற்கரையில் விடியற்காலையில் என்ன செய்துகொண்டிருக்கிறார்? கரிநெருப்புப் போட்டு, மீனைச் சுட்டு, அப்பத்தையும் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்!

ஏழு சீஷர்கள் ராத்திரி முழுவதும் வலை போட்டு ஒன்றும் அகப்படாமல், குளிரில், தூக்கக் கண்ணோடு இருக்கிறார்கள். அதில் ஒருவன் பேதுரு. பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில் இன்னொரு கரிநெருப்பண்டையில் குளிர்காய்ந்துகொண்டே ஆண்டவரை மறுதலித்தவன் (யோவான் 18:18). ஆண்டவர் அவனை விசாரிக்குமுன் சாப்பாடு போட்டார். வாருங்கள், சாப்பிடுங்கள் என்றுதான் முதலாவது அழைத்தார். சாப்பிட்ட பிறகே என்னை நேசிக்கிறாயா என்று கேட்டார். வலையில் 153 பெரிய மீன்கள் வந்தது ஒரு அற்புதம். ஆனால் கரையில் ஏற்கெனவே மீன் வெந்துகொண்டிருந்ததே, அதுவும் அவருடைய கிருபைதான்.

சகோதரர்களே, இப்போது உங்களிடம் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் விடியற்காலை அடுப்பைப் பற்ற வைக்கிறது யார்? நீங்கள் எழுந்திருக்குமுன் பால் காய்ச்சி, இட்லி ஊற்றி, பிள்ளைகளின் டிபன் பாக்ஸை நிரப்பி, தான் சாப்பிட்டாயா என்று யாரும் கேட்காமல் நிற்கிற அந்தக் கை யாருடைய கை? உயிர்த்தெழுந்த ஆண்டவர் கடற்கரையில் செய்த அதே வேலையை அவர்கள் தினமும் செய்கிறார்கள். அந்நியபாஷை பேசுகிற நாவு, "இன்னைக்கு ரசம் நல்லா இருந்துச்சும்மா" என்று தாய்பாஷையில் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? காணாத தேவனுக்கு ஆயிரம் ஸ்தோத்திரம் சொல்லுகிறவன், கண்ட மனைவிக்கு ஒரு நன்றி சொன்னால் அபிஷேகம் குறைந்துபோகாது!

சகோதரிகளே, உங்களுக்கும் உண்டு. வெயிலில் சைக்கிள் மிதித்து, மேஸ்திரியிடம் பேச்சு வாங்கி, சட்டையில் உப்புப் பூத்து வருகிற மனுஷனை வாசலிலேயே, "கேஸ் தீர்ந்துடுச்சு, பீஸ் கட்டணும்" என்று எதிர்கொள்ள வேண்டாம். சொல்ல வேண்டியதுதான். ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொல்லுங்கள். பிள்ளைகளே, வாலிபரே, அப்பா அம்மாவின் செருப்பை ஒரு தரம் குனிந்து பாருங்கள். அது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால், உங்கள் படிப்புக்கு யார் நடந்தார்கள் என்று தெரியும். சொந்த வீட்டிலே தேவபக்தியைக் காட்டி, பெற்றோர் செய்த நன்மைக்குப் பதில் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார் (1 தீமோத்தேயு 5:4).

5. ஒரு எச்சரிப்பு

இந்த உபதேசத்தைச் சிலர் தவறாக உபயோகிக்கிறார்கள். அதனால் தெளிவாக எழுதுகிறேன். குடித்துவிட்டு வந்து அடிக்கிறவனுடைய வீட்டில், "எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் சொல்லிப் பொறுத்துக்கொள்" என்று அந்தச் சகோதரிக்குப் புத்தி சொல்லுவது வேதம் அல்ல. நன்மையான எந்த ஈவும் பிதாவிடத்திலிருந்து வருகிறது என்று யாக்கோபு 1:17-இல் படிக்கிறோம். அடி பிதாவிடத்திலிருந்து வருகிற ஈவு அல்ல, அது பாவம். பாவத்துக்காக யாரும் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டியதில்லை.

"எபேசியர் 5:20-இல் எல்லாவற்றிற்காகவும் ஸ்தோத்திரம் என்று இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது. அதே அதிகாரத்தில் இன்னும் எட்டு வசனம் கீழே இறங்கி வாருங்கள். கணவன் மனைவியைத் தன் சொந்த சரீரத்தைப் போலப் போஷித்துக் காப்பாற்ற வேண்டும் என்று கண்டிப்பாக எழுதியிருக்கிறது. ஸ்தோத்திரம் சொல்லச் சொன்ன அதே அப்போஸ்தலன்தான் அதையும் சொன்னான். முந்தினதை மனைவிக்கு நீட்டி, பிந்தினதைத் தான் மடக்கி வைத்துக்கொள்ளுகிறவன் வேதத்தைப் புரட்டுகிறவன்.

அப்படிப்பட்ட வீட்டில் இருக்கிற சகோதரியே, மூடி மறைத்து உன்னை நீயே அழித்துக்கொள்ளாதே. சபை மூப்பரிடத்திலும் அவர்கள் மனைவிமாரிடத்திலும் சொல். ஆபத்து என்றால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குப் போன் பண்ணு. அதிகாரங்களைத் தேவனே ஏற்படுத்தியிருக்கிறார் (ரோமர் 13). உதவி தேடுவது அவிசுவாசம் அல்ல. அந்த உதவி வரும்போது, அதற்காக ஸ்தோத்திரம் சொல்.

நீ என்ன செய்ய வேண்டும்?

பிரியமானவர்களே, கேட்டுவிட்டுப் போகிறவர்களாக இராமல், செய்கிறவர்களாகவும் இருப்போம். இந்த மாதத்தில் நாலு காரியம் செய்து பாருங்கள்.

முதலாவது, ஒரு வேளையாவது குடும்பமாகச் சேர்ந்து சாப்பிடுங்கள். டிவியை அணைத்து, செல்போனை வேறு அறையில் வையுங்கள். பழைய சோறும் சின்ன வெங்காயமும் ஆனாலும் பரவாயில்லை. பகை இருக்கிற வீட்டின் கறி விருந்தைக் காட்டிலும் சிநேகம் இருக்கிற வீட்டின் கீரை நல்லது என்று ஞானி எழுதினார் (நீதிமொழிகள் 15:17).

இரண்டாவது, சாப்பிட்ட பிறகும் ஜெபியுங்கள். நாம் சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபிக்கிறோம், நல்லது. ஆனால் உபாகமம் 8:10, சாப்பிட்டுத் திருப்தியானபின் கர்த்தரை ஸ்தோத்திரிக்கச் சொல்லுகிறது. பக்தியுள்ள யூதர்கள் இன்றைக்கும் சாப்பாடு முடிந்ததும் அந்த ஜெபத்தைச் சொல்லுகிறார்கள். பசியில் கேட்பது எளிது, வயிறு நிறைந்தபின் நினைப்பதுதான் பக்தி.

மூன்றாவது, குடும்ப ஜெபத்தில் விண்ணப்பப் பட்டியலுக்கு முன்னால், வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அந்த நாளின் ஒரு சின்ன நன்மையைச் சொல்லட்டும். "குழாயில சீக்கிரம் தண்ணி வந்துச்சு." "கணக்கு டீச்சர் திட்டல." "மழை வர்றதுக்குள்ள துணியை எடுத்துட்டேன்." "தாத்தா இருமாம தூங்கினாங்க." சிரிப்பு வந்தால் சிரியுங்கள். அந்தச் சிரிப்பும் ஆராதனைதான். அனுபவிக்கிறதற்குச் சகலவித நன்மைகளையும் தாராளமாகக் கொடுக்கிறவர் நம்முடைய தேவன் என்று 1 தீமோத்தேயு 6:17 காட்டுகிறது. கொடுத்ததை அனுபவியாமல் முகத்தைச் சுளித்துக்கொண்டிருப்பது பரிசுத்தம் அல்ல.

நாலாவது, வீட்டில் ஒருவருக்கு இன்றைக்கே வாய் திறந்து நன்றி சொல்லுங்கள். கல்லறையில் மாலை வைத்துச் சொல்லுகிற நன்றியை, காப்பி டம்ளரைக் கையில் வாங்கும்போதே சொல்லிவிடலாமே!

அடுத்த ஞாயிறு வாசலில் நின்று மறுபடியும் கேட்பேன், "எப்படி இருக்கீங்க?" என்று. கடன் இருக்கலாம், வியாதி இருக்கலாம், மகளுக்கு வரன் அமையாமல் இருக்கலாம். அதையும் சொல்லுங்கள், சேர்ந்து ஜெபிப்போம். ஆனால் அதோடு, கர்த்தர் அந்த வாரம் உங்கள் வீட்டில் செய்த ஒரு நன்மையையும் கொண்டு வாருங்கள். ஸ்தோத்திர பலியிடுகிறவன் தம்மை மகிமைப்படுத்துகிறான் என்று கர்த்தரே சொல்லியிருக்கிறார் (சங்கீதம் 50:23).

ஜெபம்: எங்கள் அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் அடுப்பில் நெருப்பும், பாத்திரத்தில் அரிசியும், பாயைச் சுற்றிப் பிள்ளைகளும் தந்த உம்முடைய கிருபைக்காக ஸ்தோத்திரம். லேயாளைப் போலக் காத்திருக்கிற சகோதரிகளின் கண்களை உம்மண்டைக்குத் திருப்பும். டம்ளரைத் திருப்பிக் கொட்டுகிற தாய்மாரைத் தேற்றும். பயத்தோடு கதவைத் திறக்கிற பிள்ளைகளுக்கு அடைக்கலம் தாரும். எங்கள் நாவிலிருந்து முறுமுறுப்பை எடுத்துப்போட்டு, வீட்டிலுள்ளவர்களிடம் நன்றி சொல்லுகிற தாழ்மையை அருளும். இன்று ராத்திரி எங்கள் பந்தியிலே நீரும் ஒருவராய் உட்காரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.

கர்த்தர் தாமே உங்கள் வீட்டையும், உங்கள் பந்தியையும், உங்கள் பிள்ளைகளின் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக! அல்லேலூயா!